சூக்கில் எனக்கொரு விலாசம் இருந்தது

அரைவாசி கேட்ட கதையை வைத்து முழு வாழ்க்கைக்கும் திட்டம் போடுகிற ஆள் நான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மேல்மாடிச் சுவிஸ்காரருக்கும் தெரியும், பேர்னில் ஒரு வரிக் கந்தோர் அலுமாரிக்குள் இருக்கிற கோப்புக்கும் தெரியும். நீங்கள்தான் பாக்கி.

2012ஆம் ஆண்டு எனக்கு சூக்கில் வேலை கிடைத்தது. சூக் என்றால் சுவிஸில் ஒரு கைக்குட்டை அளவு மாநிலம். ஆனால் வரி அங்கே அவ்வளவு குறைவு. அதனால் உலகத்துக் கம்பனிக்காரர் எல்லாம் அங்கே வந்து குந்தியிருப்பார்கள். நான் எந்தக் கம்பனிக்கும் போகவில்லை. வாவிக்கரையில் ஒரு மாநாட்டு மண்டபம் இருந்தது. அதில் கோப்பி ஊற்றுவது என் உத்தியோகம். (சிரிக்காதேங்கோ. முப்பது பேருக்கு ஒரு சொட்டும் சிந்தாமல் ஊத்திப் பாருங்கோ, தெரியும்.)

அந்த மண்டபத்தில் மாதத்துக்கு இரண்டு வியாழக்கிழமை ஒரு கருத்தரங்கு நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிற பெரிய சம்பளக்காரருக்கு, செல்வ முகாமைத்துவமும் நிதித் திட்டமிடலும். நடத்துகிற ஆலோசகர் நெட்டையான மனிதர். விலையான சப்பாத்துப் போடுவார், காலுறை போடமாட்டார். அவருடைய குரலைத்தான் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் என்று அவர் சொன்னால் முகத்தில் கடற்காற்றுப் படும். காப்புறுதி என்றால் தாலாட்டு. நான் கோப்பிக் கேத்திலைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நின்று அப்படியே மிதப்பேன். கண்ணாடிக்கு வெளியே வாவியில் காலைப் பனிப்புகார் மெல்ல மெல்லக் கழன்று போகும். உள்ளே திரையில் நீலநிற வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று விரியும். எது வாவி, எது வரைபடம் என்று சில நேரம் எனக்குத் தெரியாது.

அவர் காட்டுகிற ஒரு படம் எனக்கு மிகவும் பிடிக்கும். சுவிஸ் வரைபடம். வரி குறைந்த மாநிலம் இளநீலம், கூடக் கூடச் சிவப்பு. சூக் விடியற்காலை வானம் மாதிரி இருக்கும். நான் குடியிருக்கிற பேர்ன் பொரித்த செத்தல் மிளகாய் நிறத்தில் இருக்கும். அந்தப் படத்தைக் காட்டிவிட்டு அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். பிறகு சொல்வார்: "நீங்கள் வாழும் இடம் தானாக நடந்துவிடக் கூடாது. அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்."

அந்த வசனம் முடிய இடைவேளை. கோப்பி கொடுத்ததும் நான் குசினிக்குள் ஓட வேண்டும்; மத்தியானத் தட்டுகள் அடுக்குகிற வேலை. ஆகவே அந்தக் கருத்தரங்கின் முதற் பாதியை நான் ஒரு வருடத்தில் இருபது தரத்துக்கு மேல் கேட்டிருப்பேன். இரண்டாம் பாதியை ஒரு தரமும் கேட்கவில்லை. முதற் பாதி என்னென்ன செய்யலாம் என்பது. இரண்டாம் பாதி என்னென்ன செய்யக் கூடாது என்பது. இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

இனி என் செல்வத்தைச் சொல்கிறேன். பதினைந்து வயது டொயோட்டா ஒன்று. மூன்றாம் தூண் என்று இங்கே சொல்கிற ஓய்வுகாலச் சேமிப்பில் கொஞ்சம். என் மனைவி சுகந்தியின் தாலிக்கொடி. இதற்கு முகாமைத்துவம் தேவையா என்று கேட்பீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

சுகந்தி அப்போது, பேர்னில் நாங்கள் குடியிருக்கிற பூம்ப்ளிசில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. அங்கேயே படித்து, பராமரிப்பு உதவியாளராக வர வேண்டும். தும்புத்தடியோடு அறைக்குள் போகிறவள், கை பிடித்து எழுப்பிவிடுகிறவளாகப் போக வேண்டும். இரண்டு வருடம் டொச் (ஜேர்மன்) வகுப்புக்குப் போய், சோதனை பாஸ் பண்ணி, இடமும் கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் முடிவுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காசு அவள் பெயரில் தனிக் கணக்கில் இருந்தது. வீட்டில் அந்தக் கணக்கைப் பற்றிக் கதைக்கும்போது கோயில் உண்டியலைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் கதைப்போம்.

அந்த உண்டியலில் கை வைக்க எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது.

"நீர் யோசிச்சுப் பாரும்," என்றேன். "சூக்கில ஒரு சின்ன அறை. அங்க என்ர பேரைப் பதிஞ்சால் என்ர வரி அங்க. பேர்னுக்குக் கட்ட வைச்சிருக்கிற தவணைக் காசு கையில மிஞ்சும். அடுத்த வருசம் நாங்கள் எல்லாரும் அங்க போயிடுவம். பின்னேரத்தில வாவிக்கரையில நடப்பம்."

"அறைக்கு முற்பணம்?"

"மூண்டு மாச வாடகை வங்கியில வைக்க வேணும். அது எங்கட காசுதான். உம்மட படிப்புக் காசில இப்போதைக்கு எடுத்து..."

அவள் பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, மிச்சம் வாற வரியை விட அறை வாடகை கூடவெல்லோ? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் எண்ட கதையாக் கிடக்கு."

"அது செலவில்லை. முதலீடு," என்றேன், காலுறை போடாதவரின் குரலில்.

அவள் உறையை இரண்டாக மடித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு நாப்பது ஆகுது. ஓகஸ்ட் கடைசிக்குள்ள அந்தக் காசு திரும்பி வரவேணும். வராட்டி இடம் போயிடும். இன்னொருக்கால் தருவினமோ தெரியாது."

"வரும்," என்றேன். வருமென்று நான் முழுமனதாக நம்பினேன். பொய் சொல்கிற ஆளாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. கனவு காண்கிற ஆள் அதைவிட ஆபத்து.

2013 பெப்ரவரியில் பேர்னில் பெயரை வெட்டி சூக்கில் பதிந்தேன். அறை கூரைக்குக் கீழே. நிமிர்ந்து நிற்க முடிந்தது நடுவில் மட்டும். முக்காலியில் ஏறி நின்றால் வாவி தெரியும். ஒரு மெத்தை, அந்த முக்காலி, ஒரு பிள்ளையார் படம், ஒரு பல் துலக்கும் பிரஷ். முதல் நாள் வேலை முடிந்து வந்து முக்காலியில் ஏறி நின்றேன். சூக்கின் அந்தி மயக்கத்தைப் பார்க்கவென்றே சனம் வருகிறது. சூரியன் வாவிக்குள் உருகி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படகு செம்மஞ்சளின் நடுவே அசையாமல் நின்றது. நான் அந்த இளநீல மாநிலத்தின் குடிமகன். கம்பனித் தலைவர்களும் நானும் ஒரே வாவியைப் பார்க்கிறோம். (அவை பல்கனியில, நான் முக்காலியில.)

அரை மணித்தியாலம் போனது. கால் விறைத்தது. பாணும் போத்தல் சம்பலும் சாப்பிட்டேன். கதைக்க ஒரு ஆள் இல்லை. பிள்ளையார் கேட்டார், மறுமொழி சொல்லவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்ததும் என் கால் தானாக ஸ்ரேசனுக்குப் போனது. லுட்சேர்னில் மாறி, பேர்னில் மாறி, பூம்ப்ளிசில் வீட்டுக் கதவைத் திறந்தேன். "சும்மா, உடுப்பு எடுக்க வந்தனான்," என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் உடுப்பு எடுக்க வந்தேன். காலை ஐந்தரை ரயிலில் போய் மாலையில் திரும்பினேன். அரை வருடத்தில் அந்த அறையில் நான் படுத்தது மூன்று இரவு.

யூன் மாதத்தில் பேர்ன் வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மனைவியும் மகளும் பேர்னில் இருக்க நீங்கள் மட்டும் சூக்குக்குப் போனதாகப் பதிவு இருக்கிறது, விளக்கம் தேவை. இணைத்திருக்கிற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் அனுப்பினால் போதும், விரும்பினால் நேரிலும் வரலாம்.

"எழுதி அனுப்புங்கோ," என்றாள் சுகந்தி.

"எழுத்தில என்ர முகம் தெரியாது. நான் நேர போறன். ரெண்டு வசனம் கதைச்சால் விளங்கிக்கொள்ளுவினம்."

"அதுதான் எனக்குப் பயம். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. குறைய."

"ஓம், ஓம்."

கந்தோரில் என்னை ஒரு அம்மா கூப்பிட்டு இருத்தினார். அறுபதை நெருங்குகிற வயது, கழுத்தில் சங்கிலியோடு தொங்குகிற கண்ணாடி. பேர்ன்காரர் கதைப்பது பாகு ஊற்றுகிற மாதிரி. ஒரு சொல் விழுந்து பரவிய பிறகுதான் அடுத்தது வரும். அவர் தண்ணீர் தந்தார். அவசரமில்லை என்றார். யாராவது என்னிடம் அவசரமில்லை என்று சொன்னால் நான் முடிந்தேன்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் கந்தோருக்குப் போனால் முதல் வேலை தான் ஆர் என்று காட்டுவது. வெறும் ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. நாலு பேருக்குத் தெரிந்த ஆள் என்று தெரிந்தால் மரியாதையாக நடத்துவார்கள். ஊரில் அப்படித்தான் காரியம் நடந்தது. அந்தப் பழக்கம் என்னோடு விமானத்தில் இலவசமாக வந்திருந்தது.

"சூக்கில் உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். "அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது." சொன்னதும் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. இந்த அம்மா என்னை ஆளில்லாத ஆள் என்று நினைத்துவிட்டால்? "ஆனால் பூம்ப்ளிசில நீங்கள் ஆரைக் கேட்டாலும் தெரியும்!"

"அப்படியா? சொல்லுங்கள்," என்றார். பேனை எடுத்தார்.

சொன்னேன். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பது யார்? நான். தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெற்றோர் சார்பாக நன்றியுரை யார்? நான். (ஒரு வருசம் நன்றியுரை முப்பத்தைந்து நிமிசம் போனது. பிள்ளைகள் வேசத்தோட நித்திரை.) சனிக்கிழமை அன்னதானத்துக்கு நூறு பேருக்குப் பருப்பு யார் அவிப்பது? மேல்மாடிச் சுவிஸ்காரரின் தக்காளிச் செடிக்கு அவர் விடுமுறை போனால் தண்ணீர் ஊற்றுவது யார்? எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஆளாளுக்கு நாள் பிரித்த அட்டவணை எழுதுவது யார்? பல் வைத்தியர் எங்கே? பூம்ப்ளிசில். கண்ணாடிக் கடை? பூம்ப்ளிசில். தலைமயிர்? பூம்ப்ளிசில், எங்கள் அண்ணை ஒருவர், காசும் குறைவு.

அவர் எழுதினார். இரண்டாம் பக்கம் திருப்பினார். மூன்றாம் பக்கம் திருப்பினார். என் நெஞ்சு நிமிர்ந்தது. என்னைப் பற்றி இவ்வளவு நீளமாக உலகத்தில் ஒருவரும் எழுதினதில்லை.

"கடைசியாக ஒன்று," என்றார். "உங்களுக்குச் சுகமில்லாமல் வந்தால் என்ன செய்வீர்கள்?"

நான் மார்ச் மாதக் காய்ச்சலைச் சொன்னேன். மண்டபத்தில் நிற்க முடியாமல் நடுங்கியது. என் அறை அங்கிருந்து எட்டு நிமிட நடை. நான் அதைத் தாண்டிப் போய் ரயிலேறினேன். யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன். மலையெல்லாம் வெள்ளைத் துணி மாதிரி வெளியே ஆடியது. லுட்சேர்னில் எப்படி இறங்கி மாறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டில் சுகந்தி போர்வையைப் போர்த்திவிட்டாள். கொத்தமல்லி அவித்துத் தந்தாள். குடித்ததும் பாதிக் காய்ச்சல் போய்விட்டது.

"அறையில மல்லி அவிச்சுத் தர ஆர் இருக்கினம்?" என்று அவரையே கேட்டேன்.

அவர் பேனையை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு வேறு கேள்வி இல்லை," என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரித்தார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "நல்ல மனுசி. சிரிச்சுக் கதைச்சவ," என்றேன்.

"என்ன கேட்டவ? நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

சொன்னேன். பல் வைத்தியர் வரைக்கும் நின்றபடி கேட்டாள். காய்ச்சல் வந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். "நுணலும் தன் வாயால் கெடும் எண்டு படிச்சனான். இண்டைக்குத்தான் நேர பாக்கிறன்," என்றாள்.  எழும்பிப் போய் அடுத்த நாள் வேலைக்கான உடுப்பை அயன் பண்ணினாள். ஏசியிருந்தால் நான் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பேன்.

யூலையில் முடிவு வந்தது. தடித்த உறை. டொச் வசனம் ஒவ்வொன்றும் சரக்கு ரயில் மாதிரி. பதின்மூன்று வயது மகள் அபி வாசித்து மொழிபெயர்த்தாள். "அப்பா, நீங்கள் இன்னும் பேர்னிலதான் இருக்கிறீங்களாம். வரியும் இங்கதானாம்." பிறகு ஒரு இடத்தில் நின்று, இன்னொருமுறை வாசித்து, சிரிக்கத் தொடங்கினாள். "அம்மா, இதைக் கேளுங்கோ. 'இவருடைய வாழ்வின் மையம் ஐயத்துக்கு இடமின்றி மனைவி இருக்கும் இடத்திலேயே உள்ளது.' ஸ்டெம்பல் அடிச்சு, கையெழுத்தும் வைச்சிருக்கினம்!"

அந்த வசனம் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். விளங்கினது.

சுகந்தி சிரிக்கவில்லை. "அப்ப என்ர காசு?" என்று கேட்டாள்.

அதுதான் கேள்வி. முற்பணம் வங்கியில் பூட்டிக் கிடந்தது. அறையை விட்டால்தான் வரும். ஒப்பந்தப்படி அறையை ஒக்டோபருக்கு முன் விட முடியாது. ஒரே வழி, எனக்குப் பதிலாக அதே வாடகைக்கு வர ஒரு ஆளை நானே தேடிக் கொடுப்பது. சூக்கில் என்னை ஒருத்தருக்கும் தெரியாது என்று அரசாங்கத்துக்கே சொல்லி எழுதவும் வைத்தாயிற்று. ஓகஸ்ட் முடிவுக்கு ஏழு கிழமை இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கருத்தரங்கில் இடைவேளை வந்தபோது குசினிக்கு, என்னோடு வேலை செய்கிற போர்த்துக்கல் தோழியை அனுப்பிவிட்டு நான் மண்டபத்திலேயே நின்றேன். எந்த இடத்தில் விழுந்தேன் என்று ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். "இனி, செய்யக் கூடாதவை," என்றார். அதே கடற்காற்றுக் குரல். "குடும்பத்தை வேறு மாநிலத்தில் விட்டுவிட்டு இங்கே ஒரு அறை எடுக்காதீர்கள். அந்த அறையில் ஒரு மெத்தையும் ஒரு பல் துலக்கும் பிரஷும் மட்டும் இருக்கும். உங்கள் சங்கம், பல் வைத்தியர், முடி வெட்டுபவர் எல்லாம் அங்கேயே இருப்பார்கள். காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள் என்று கூடக் கேட்பார்கள்!" மண்டபம் சிரித்தது. "வருடத்துக்கு ஒருவராவது இதைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறார்," என்றார்.

மண்டபத்தில் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். கேத்தில் ஆடி என் வெள்ளைச் சேட்டில் கோப்பி கொட்டியது. முப்பது தலை திரும்பியது. ஆலோசகர் மரியாதையாக, "கேள்வி ஏதும் உண்டா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது. "கேள்வி இல்லை, சேர். இந்த வருசத்து ஆள் நான்தான்," என்றேன். "அந்த அறை என்னட்ட இருக்கு. ஆருக்கும் உண்மையா இங்க சீவிக்க அறை வேணுமெண்டால் தரலாம். ஓகஸ்டுக்குள்ள எடுத்தால் என்ர மனுசி படிக்கப் போவா."

 ஒரு விநாடி வாவியின் அலைகூடக் கேட்டது. என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். ஆலோசகர் தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோள் குலுங்கியது.

கூட்டம் முடிந்து தட்டு எடுக்கும்போது ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தில் கம்பனி அட்டை, கையில் குடிக்காத கோப்பி. "அண்ணா, நீங்க தமிழுங்களா? நான் கோயம்புத்தூருங்க. வந்து ஒரு மாசமா ஹோட்டல்லயே கிடக்கறேன். அந்த ரூம்ல நிஜமாலுமே லேக் தெரியுங்களா?"

"முக்காலியில ஏறினால் தெரியும், தங்கச்சி."

"நான் உசரங்க. ஏறாமலே தெரியும்," என்றாள்.

தெரிந்தது. ஓகஸ்ட் நடுவில் அவள் அந்த அறைக்குப் போனாள். கட்டில் வாங்கிப் போட்டாள், யன்னலில் துளசி வைத்தாள், உண்மையாகவே அங்கே வாழ்ந்தாள். என் முக்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். முற்பணம் ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் வந்து சேர்ந்தது. சுகந்தி என்னைக் கூட்டிப் போகாமல் தானே தபால் கந்தோருக்குப் போய்க் கட்டினாள். வந்து பற்றுச்சீட்டை மேசையில் வைத்து அதன் மேல் உப்புப் போத்தலை வைத்தாள், காற்று அடிக்காத வீட்டுக்குள்.

அவள் படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல். அதே முதியோர் இல்லத்தில், அதே அறைகளுக்குள் இப்போது வேறு உடுப்போடு போகிறாள். ஆறு மாத வாடகை மட்டும் சூக் வாவிக்குள் போனது போனதுதான். பேர்னுக்கு வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். இரண்டாம் பாதி முடியும் வரைக்கும் எந்தக் கூட்டத்திலிருந்தும் எழும்புவதில்லை.

அந்தக் கடிதம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கிடக்கிறது. அதன் கடைசி வரியைச் சுகந்தி ஒரு நாள் அகராதி வைத்துத் தானே வாசித்தாள்: இந்த முடிவை ஏற்காதவர் முப்பது நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அன்று தொடங்கியது. நான் கறியில் உப்புக் கூட என்றாலும், இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை என்றாலும், கோபத்தில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாலும், அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

"முப்பது நாள் தந்தவை," என்பாள். "நீங்கள் ஆட்சேபிக்கேல்லை."